கடையில் பாடியது, வீட்டில் உறுமியது

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். ரேடியோ என்பது திருகினவுடன் பேசுகிற சாமான் இல்லை. திருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவக்க வேண்டும். தூசி சூடேறும் வாசனை துணித்திரை வழியாக வர வேண்டும். முகப்பில் இருக்கிற பச்சைக் கண் மெல்லத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்கோ யாரோ பேசுவது கேட்கும். என் பத்தாவது வயதில் எனக்கு அந்தக் காத்திருப்புத்தான் முழுநேர வேலையாக இருந்தது.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்கிற செட்டிமார் குடியிருப்புக்கு அடுத்தாற்போல ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா நகராண்மையில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். சைக்கிளில் வீடு வீடாகப் போய், யார் வீட்டுக் குழாயில் எவ்வளவு ஓடியது என்று எழுதிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் குழாயே கிடையாது, கிணறுதான். அந்த வருஷம் சித்திரை முடிந்ததும் அம்மாவைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய்.

அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொள்ள புக்கிட் ரம்பாய்த் தோட்டத்திலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்காள். கேட்டவர்களுக்கெல்லாம், தம்பி பெண்டாட்டி ஈப்போவில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட ஈப்போ என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு அவளோடு பேசவே பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை கெட்டவர் இல்லை. பயந்தவர். வந்த முதல் வாரமே அம்மாவின் தட்டு, டம்ளர், தலையணை, பாய் எல்லாம் கொல்லைக்குப் போய்ச் சாம்பலாகவோ குப்பையாகவோ ஆகிவிட்டன. வீடு முழுக்க பினாயில் வாடை. இன்றைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அந்த வாடை என்னைப் பத்து வயதுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். முற்றத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு துளசி இருந்தது. செங்கல் வட்டம் கட்டி அம்மா வளர்த்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, சுற்றிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார். அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அம்மா வாய் கொப்பளிக்கிற இடம் அதற்குப் பக்கத்தில்தான் இருந்ததாம். விளக்கை உள்ளே சாமி படத்துக்கு முன்னால் மாற்றினார். துளசி அப்படியே நின்றது.

அம்மாவிடமிருந்து மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அத்தை அதை முதலில் அடுப்புச் சூட்டில் வாட்டுவார். ஓரம் பழுத்து, சுருண்டு, அப்பளம் மாதிரி ஆன பிறகுதான் அப்பாவின் கைக்கு வரும். அப்பா படிக்க நான் கேட்பேன். முதல் கடிதத்தில் அம்மா எழுதியிருந்தது எனக்கு இப்போதும் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்காகப் பாட்டு வைக்கிறார்கள், வீட்டுக்குச் சொல்ல விரும்புவதைக் கார்டில் எழுதிப் போட்டால் வாசிக்கிறார்கள், நானும் எழுதிப் போட்டிருக்கிறேன், என் பெயர் வராது, காஜா பெராங்கில் இருக்கிற மகளுக்கு என்று வரும், எந்த வாரம் என்று தெரியாது, நீ வாராவாரம் கேள் என்று எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு கேள்விகள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா? ரேடியோ நன்றாகக் கேட்கிறதா?

இரண்டுக்கும் ஆமாம் என்று அப்பா பதில் எழுதினார். எழுதின அன்றைக்கு ரேடியோ நன்றாகத்தான் கேட்டது.

பிறகு மழை நின்றுபோனது. அப்படியொரு வறட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிணற்றில் கயிறு நீளமாக இறங்க வேண்டியிருந்தது. ரேடியோவும் அந்தச் சமயத்தில்தான் கெட ஆரம்பித்தது. முதலில் பாட்டுக்கு அடியில் ஒரு முனகல். சில நாட்களில் அது உறுமலாகி, பேசுகிறவர்களின் குரல் அதற்குப் பின்னால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துணித்திரையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூட்டில் காது சிவந்துவிடும். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் மூச்சை நிறுத்துவேன். சுங்கை சிப்புட் என்று வரும், கிள்ளான் என்று வரும். எங்கள் ஊர் வராது.

பக்கத்து வீட்டில் போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும் உங்களுக்கு. அங்கே நல்ல ரேடியோ இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பாட்டை எதற்கு இந்தப் பெண் இப்படித் தேடிக்கொண்டு வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? ஈப்போவில் இருக்கிற அம்மாவுக்கு அதில் என்ன வேலை? ஆகவே கேட்டால் எங்கள் ரேடியோவில்தான் கேட்க வேண்டும். எனக்கு வேறு வழியில்லை.

ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் ரேடியோவின் உடம்பைப் பற்றி எழுதிவைத்தேன். காலையில் உறுமல் கொஞ்சம், வெயில் ஏறினால் அதிகம், ஏரியல் கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை என்று. அம்மாவின் காய்ச்சலை அப்பா இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அப்பா பின்பலகையைக் கழற்றி ஒவ்வொரு வால்வையும் விரல் நுனியால் தட்டிப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. ஜன்னல் வழியாக வெளியே போகிற எர்த்துக் கம்பியை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ரேடியோவை, அத்தை கண்ணில் படாமல் தப்பித்த அம்மாவின் போர்வையில் சுற்றி, சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். நான் பின்னாலேயே அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெங்கேராவில் இருந்த ரேடியோ ரிப்பேர்க் கடை வரை அப்படியே போனோம்.

கடைக்காரர் சீனர். வாயில் அணைந்த சுருட்டு, காதில் பென்சில். மெர்டேக்காவைக் கேட்க வேண்டும் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பரணில் கிடந்த ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதால் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. எங்கள் ரேடியோவை மேசையில் வைத்துக் கம்பிகளை மாட்டித் திருகினார். பச்சைக் கண் திறந்தது. பாட்டு வந்தது. உறுமல் இல்லை. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வியாதியே இல்லாத பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனவர் மாதிரி நின்றார். ஒன்றும் இல்லை, எடுத்துப் போ என்று கடைக்காரர் மலாயில் சொல்லிவிட்டார். எடுத்து வந்தோம். வீட்டில் மாட்டினோம். உறுமியது.

மறுபடி போனோம். இந்த முறை கடைக்காரர் யோசித்தார். சூடான பிறகு தளர்ந்துபோகிற வால்வு இருக்கும், அது வண்டியில் ஆடி வந்ததும் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும் என்றார். கரண்டை மாற்றிக்கொடுக்கிற பெரிய வால்வுதான் சந்தேகம். அது அப்போது கிடைப்பது கஷ்டம். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று பெட்டியிலேயே இருந்த புதுசு. இன்னொன்று வெள்ளைக்காரப் பட்டாளத்து ரேடியோவிலிருந்து கழற்றினது. தலையில் வெள்ளிப்பூச்சு தடிமனாக இருந்தது. புதுசின் பூச்சு கொஞ்சம் மங்கல். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எது நல்லா கேக்குது பாப்பா?"

அம்மா போன பிறகு அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சாப்பிட்டாயா, படித்தாயா என்பதெல்லாம் அத்தை வழியாகத்தான் வரும். நான் இரண்டையும் மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பட்டாளத்து வால்வு என்றேன். கடைக்காரர் சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார், சரியான காது என்று. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் நான் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். வீட்டில் மாட்டினோம். உறுமியது.

என் பேரன் போன மாதம் அவனுடைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, இதை மாற்றினேன் பாட்டி, அதை மாற்றினேன் பாட்டி, இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பெட்டிக்கு வெளியே பார்த்தாயா என்று கேட்டேன். கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பான். எங்களுக்கும் அப்போது தெரியவில்லை. வீட்டுக் கரண்டு குறைவு என்றார் அப்பா. வீட்டுக்கே கண் பட்டிருக்கிறது என்றார் அத்தை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றும் ஒரு நாள் அப்பா சொன்னார். அடுத்த நாளே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது முறை கண்டென்சர்களை மாற்ற வேண்டும் என்று முடிவானது. இரண்டு மூன்று நாள் கடையில் விட வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை கொண்டுபோகலாம், நாளைக்கு நீ கேட்க வேண்டுமே என்று அப்பாதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. திங்கட்கிழமை போனால் வரிசை நீண்டுவிடும், அடுத்த ஞாயிறும் போய்விடும், இன்றைக்கே போகலாம் என்று அடம்பிடித்தேன். உறுமலோடு கேட்டு என்ன பிரயோஜனம், ஒரு வாரம் விட்டால் அப்புறம் எல்லா வாரமும் தெளிவாகக் கேட்கலாம் என்பது என் கணக்கு. பத்து வயதில் நான் ரொம்பக் கெட்டிக்காரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலமாரியில் ரேடியோ இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அப்பா எங்கோ வெளியே போயிருந்தார். அத்தை தூங்கினார். நான் அந்தச் சதுரத்துக்கு எதிரே பழக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு அமைதியை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. அழுதேன் என்று சொல்ல முடியாது. தனியாக இருந்தேன், அதுதான் சரியான சொல்.

செவ்வாய்க்கிழமை ரேடியோ வந்தது. கடையில் பாடிவிட்டு வந்தது. வீட்டில் உறுமியது. அப்பா அதை அணைக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியல பாப்பா" என்றார். ரேடியோவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்கே புரிந்தது.

அன்றைக்குத்தான் அம்மாவின் அடுத்த கடிதமும் வந்திருந்தது. துளசி எப்படி இருக்கிறது என்று மறுபடியும் கேட்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குச்சிகள் நின்றன, அடியில் நாலைந்து இலை. மண் வெடித்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தை பாசாருக்குப் போயிருந்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், செங்கல் வட்டத்துக்குள் ஊற்றினேன். மண் சர்ரென்று குடித்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். உள்ளே ரேடியோ உறுமிக்கொண்டிருந்தது. ஊற்ற ஊற்ற அந்த உறுமல் இறங்கியது. வாளி காலியாகும்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சுத்தமாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, செய்தி வாசித்தது.

அப்பா வெளியே ஓடி வந்தார். என்னையும் வாளியையும் ஈர மண்ணையும் பார்த்தார். ஜன்னலிலிருந்து இறங்குகிற எர்த்துக் கம்பி அந்தச் செங்கல் வட்டத்துக்குள்தான் மறைந்துபோயிருந்தது.

"இன்னொரு வாளி" என்றார்.

அவர் இறைக்க நான் ஊற்றினேன். பிறகு ஒரு குச்சியால் மெல்லக் கிளறினார். கம்பியின் நுனியில் பற்றவைத்த ஒரு பித்தளைச் செம்பு, பச்சை பூத்துப்போய், வெளியே தெரிந்தது. எனக்கு ஞாபகம் வந்தது. ரேடியோ வாங்கின புதிதில் மாட்ட வந்தவன் புதைக்க ஏதாவது பித்தளை கேட்டபோது அம்மா வாய் நசுங்கின செம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எப்போதும் ஈரமாக இருக்கிற இடம் வேண்டும், மண் காய்ந்தால் ரேடியோ உறுமும் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அப்பா வேலைக்குப் போயிருந்தார், நான் சின்னக் குழந்தை. தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். துளசியையும் ரேடியோவையும் கடிதத்தில் அடுத்தடுத்து விசாரித்தாரே, நாங்கள் அதைக் குசலம் என்று படித்தோம். கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். அவர் கடை எர்த்து தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்ததாம். ஊர்க் குழாய்களையெல்லாம் பார்த்து எழுதுகிற அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ரேடியோ அற்புதமாகக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். எங்கள் ஊர் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் நான் துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பீபி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பீபி என்பது நாங்கள் அவரைக் கூப்பிடுவது. தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருந்து தமிழ் மறந்துபோன செட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழ் பேச வராது. ஆனாலும் ஞாயிறு முழுக்கத் தமிழ்ப் பாட்டுத்தான் வைப்பார், அது சாமியுடைய பாஷை என்பார். உங்கள் ரேடியோ சரியாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டு, நினைவு வந்தவராகச் சொன்னார்.

"டுவா மிங்கு டூலு, ரேடியோ செபுட் காஜா பெராங்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் ரேடியோ காஜா பெராங் என்று சொன்னது என்கிறார். நம் ஊர் பெயர் வந்ததே என்று அடுப்பை விட்டு எழுந்து வந்தாராம். நீளமாக ஏதோ சொன்னார்களாம். பிறகு ஒரு பாட்டாம். உங்கள் வீட்டில் சத்தமே இல்லை, எல்லாரும் வெளியூர் போயிருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். காஜா பெராங் மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. அப்புறம் வேலிக்கு மேலாக என் தலையைத் தடவி, உன் அம்மாவின் இருமல் எனக்குச் சுவர் வழியாகக் கேட்டதுதானே, எங்கே போயிருக்கிறாள் என்று இந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்றார். அந்தப் பொய்யை நான் யாருக்காக அத்தனை மாதம் சுமந்தேன் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை அடம்பிடித்தது நான்.

மெர்டேக்கா அன்றைக்கு எங்கள் ரேடியோவைக் கேட்க அக்கம்பக்கத்துக்காரர்கள் வீடு கொள்ளாமல் வந்தார்கள். பட்டாளத்து வால்வு ஜொலித்தது. அத்தைகூட உட்கார்ந்து கேட்டார். வீட்டில் இருந்த கூட்டம் கையை உயர்த்தி மெர்டேக்கா என்று கத்தியபோது நானும் கத்தினேன். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பி வந்தார். அடுத்த பொங்கலுக்கு முன்னால், இளைத்து, ஆனால் குணமாகி. வாடகைக் காரிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை, துளசிக்கு முன்னால் போய் நின்றார். அது அப்போது என் இடுப்பு உயரம் தழைத்திருந்தது. நான் பக்கத்தில் போனேன். அப்பா பெட்டியோடு பின்னால் நின்றார். அம்மா என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரேடியோல சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

அம்மாவின் காது நுனி சிவந்தது. "எனக்கு நேர்ல இதெல்லாம் சொல்ல வராது. அதான் எழுதிப் போட்டேன். கேட்டுட்டில்ல, அது போதும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். கொஞ்சிப் பேசத் தெரியாத, கண்டிப்பான மனுஷி. என் கல்யாணத்தன்றுகூட நகைப்பெட்டியைப் பத்திரமாக வை என்றுதான் சொன்னார். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். கேட்டால் அன்றைக்கு ரேடியோவில் கேட்கவில்லை என்றாகிவிடும். அம்மா போனபோது அந்தக் கார்டில் இருந்ததும் கூடவே போனது.

அம்மாவின் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவருக்கு அப்போது காது மந்தம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கி ரேடியோல உங்கம்மா என்னம்மா சொன்னா? எனக்கு ஏதாச்சும் சொன்னாளா?"

துளசிக்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுச்சும்மா என்று நான் சொன்னதை வைத்து, நான் பக்கத்து வீட்டில் கேட்டிருப்பேன் என்று அவர் அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் யாரிடமும் கேட்கவில்லை. நான் அவருடைய நல்ல காதுக்குப் பக்கமாகக் குனிந்தேன்.

"ரெண்டு பேரையும் ரொம்பத் தேடுதுன்னு சொன்னாங்கப்பா. மொதல்ல உங்களத்தான் சொன்னாங்க."

சரியாகக் கேட்கவில்லை என்று கையைக் காதில் குவித்தார். மறுபடியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.